இரண்டடித் தொட்டியில் பிளாடர் நத்தை: பொறி, முட்டை வழிப்பு, செடிக் குளியல்

தொட்டி 60 செ.மீ. நீளம், 30 அகலம், 35 உயரம். விளிம்பு விட்டு நிரப்பினால் ஏறக்குறைய 55 லிட்டர். அடியில் 4 செ.மீ. பொடிச் சரளை. வாலிஸ்நேரியா, அனுபியாஸ், ஜாவா பாசி. கப்பியும் நியான் டெட்ராவும். பின்பக்கம் தொங்கும் ஃபில்டர். புகார் இரண்டு: இரவில் விளக்கைப் போட்டால் கண்ணாடி முழுக்க நத்தை, ஃபில்டரில் ஓயாத கரகரப்பு. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அதை மருந்து ஊற்றித் தீர்க்க முடியாது. கடையில் முதலில் நீட்டுவது அந்த பாட்டிலைத்தான் என்பதால் இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறோம்.

ஃபில்டர்

சுலபமான வேலை இதுதான், முதலில் முடித்துவிடலாம். பிளக்கைப் பிடுங்கி, மோட்டார் மூடியைத் திறந்தால் இம்பெல்லர், அதாவது தண்ணீரைத் தள்ளும் சுழல் இறக்கை, காந்தத்தோடு சேர்ந்து வெளியே வரும். அரிசி நொய் அளவுள்ள நத்தைக் குஞ்சுகள் உறிஞ்சு குழாய் வழியாக ஏறி, இம்பெல்லர் குழிக்குள் அரைபட்டு ஓட்டுத்தூளாகக் கிடக்கும். பழைய பல் பிரஷால் குழியையும் இறக்கைகளையும் தேய்த்துக் கழுவ வேண்டும். நடுவில் இருக்கும் அச்சு பீங்கான். நேராக மேலே இழுத்தால் வரும். பக்கவாட்டில் நெம்பினால் ஒடியும். அச்சு ஒடிந்தால் தனியாகக் கிடைப்பது கடினம், பெரும்பாலும் புது மோட்டார்தான் வாங்க வேண்டியிருக்கும்.

திரும்ப மாட்டுவதற்கு முன் உறிஞ்சு குழாய் வாயில் பொடித்துளை ஸ்பாஞ்ச் ஒன்றைச் செருகுங்கள். அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், வாரம் ஒருமுறையாவது பிழிய வேண்டும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில்தான் பிழிய வேண்டும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பிழிந்தால் அம்மோனியாவை உண்ணும் பாக்டீரியா செத்துவிடும். பிழிந்த தண்ணீரை என்ன செய்வது என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

எந்த நத்தை என்று முதலில் பாருங்கள்

ஒன்றைப் பிடித்து வெள்ளைத் தட்டில் வையுங்கள். ஓட்டின் கூர்நுனி மேலே, வாய் உங்களைப் பார்த்து. வாய் இடப்பக்கம் இருந்தால் பிளாடர் நத்தை, அதாவது ஃபைசா அக்யூட்டா. வலப்பக்கம் இருந்தால் லிம்னேயா குடும்பம், நம் ஊர்க் குளங்களில் சாதாரணமாகக் கிடைப்பது. ஓட்டைப் பார்த்தும் ஐயம் தீராவிட்டால் உணர்கொம்பைப் பாருங்கள்: ஃபைசாவுக்கு நூல் மாதிரி மெல்லியதாக இருக்கும், லிம்னேயாவுக்குத் தட்டையான முக்கோணம். இரண்டுக்கும் ஓட்டின் வாயை அடைக்கும் மூடி கிடையாது. வட்டத்தட்டாகச் சுருண்டிருந்தால் ராம்ஸ்ஹார்ன். நீண்ட கூம்பாக, மூடியோடு, பகலில் சரளைக்குள் புதைந்து இரவில் மட்டும் வெளியே வந்தால் டிரம்பெட் நத்தை, மெலனாய்டிஸ் டியூபர்குலேட்டா.

பிரித்தறிவது பொழுதுபோக்குக்காக இல்லை, வேலையே மாறுகிறது. டிரம்பெட் முட்டையிடாது, குஞ்சு போடும், அதுவும் ஆண் துணையில்லாமலே. முட்டையை வழித்தெடுக்கும் வேலை அதனிடம் வீண். மூடி இருப்பதால் வெயிலில் காயப்போட்டாலும் ஃபைசாவைவிட அதிக நாள் தாங்கும்.

இந்த இரண்டின் வரலாறும் ஒன்றுக்கொன்று நேர்மாறு. ஃபைசா அக்யூட்டாவுக்கு 1805-ல் பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் டிராபர்னோ பெயர் வைத்தது பிரான்ஸின் கரோன் ஆற்றில் கிடைத்த ஓட்டைப் பார்த்து. அதனால் அது ஐரோப்பிய இனம் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். அமெரிக்க நத்தைகளோடு இனச்சேர்க்கை செய்து பார்த்து 2002-ல் வெளியான சோதனைகள் அவையெல்லாம் ஒரே இனம் என்று காட்டின. வட அமெரிக்காவே அதன் தாயகம் என்பது இன்றைய முடிவு. இப்போது அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டத்திலும் இருக்கிறது, நம் ஊர்ச் சாக்கடை ஓரங்கள் உட்பட. டிரம்பெட் நத்தையோ நம்முடையது. 1774-ல் டேனிஷ் இயற்கை ஆய்வாளர் மியூல்லர் அதை விவரித்தபோது கிடைத்த இடமாக எழுதியது சோழமண்டலக் கரை. அது மீன்தொட்டி வணிகத்தின் வழியே அமெரிக்காவுக்குப் போனது. டெக்சாஸின் கோமல் ஆற்றில், ஆசியாவிலிருந்து வந்த தட்டைப்புழு ஒன்று அந்த நத்தைக்குள் வளர்ந்து, அந்தப் பகுதியில் மட்டுமே வாழும் சிறு மீன்களின் செவுளைக் கெடுக்கிறது. நம் தொட்டியில் டிரம்பெட் இருந்தால் பதற வேண்டியதில்லை. சரளையைக் கிளறிக்கொடுக்கும், அவ்வளவுதான்.

இனி எழுதுவதெல்லாம் ஃபைசாவுக்கு. ராம்ஸ்ஹார்னுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

ஒன்றே ஒன்று எப்படி நூறாகிறது

ஒவ்வொரு ஃபைசாவும் ஆணும் பெண்ணுமாக இருக்கும். துணை கிடைத்தால் துணையோடு சேரும். கிடைக்காவிட்டால் கொஞ்ச நாள் முட்டையிடாமல் காத்திருந்து பார்த்து, பிறகு தன்னைத்தானே கருவுறச் செய்துகொள்ளும். ஆகவே 'ஒன்றுதானே இருக்கிறது' என்று விட முடியாது. முட்டை தெளிவான ஜெல்லிக்குள், சிறு பிறை வடிவில், இலையின் அடிப்பக்கத்திலும் கண்ணாடி மூலையிலும் ஃபில்டர் குழாயிலும் ஒட்டியிருக்கும். ஒரு ஜெல்லியில் பத்திலிருந்து நாற்பது வரை இருக்கலாம். நம் ஊர்த் தொட்டிகள் 27–30 டிகிரியில் இருப்பதால் ஒரு வாரம், பத்து நாளில் பொரிந்துவிடும். இரண்டு மாதத்துக்குள் அந்தக் குஞ்சும் முட்டையிடும். இந்த இரண்டு காலக்கணக்குதான் முழு வேலைக்கும் அட்டவணை. ஒரு வாரம் பிடித்துவிட்டு நிறுத்தினால், ஜெல்லிக்குள் இருந்தது அத்தனையும் அடுத்த வாரம் வெளியே வரும். குறைந்தது ஆறிலிருந்து எட்டு வாரம் விடாமல் செய்ய வேண்டும்.

இரவில் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். நத்தை நடுத்தண்ணீரில், எதையும் பிடிக்காமல், மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருக்கும். உண்மையில் அது தான் விட்ட சளி நூலைப் பிடித்து ஏறுகிறது. இந்த நத்தைக்குச் செவுள் இல்லை, நுரையீரல்தான். காற்றுக்காக மேலே வந்தாக வேண்டும். நுரையீரலில் காற்று நிறைந்தால் மிதக்கும், நீர்ப்பரப்பின் அடியில் தலைகீழாக ஒட்டிக்கொண்டு நகரும். அதனால் மேலே நத்தை தெரிவது மட்டும் தண்ணீர் கெட்டதற்கு அடையாளம் இல்லை. செவுளால் சுவாசிக்கும் டிரம்பெட் பட்டப்பகலில் கூட்டமாகக் கண்ணாடியில் ஏறினால்தான் கவலைப்பட வேண்டும்: ஆக்சிஜன் குறைந்திருக்கிறது அல்லது அம்மோனியா ஏறியிருக்கிறது.

இன்னொரு பழக்கம் நம் வேலைக்கு நேரடியாக முக்கியம். ஃபைசா வாடையை வைத்து எதிரியை அறியும். மீன் வாடை அடித்தால் கல், இலை அடியில் பதுங்கும். நன்னீர் நண்டு போன்ற கிரேஃபிஷ் வாடை அடித்தால் நீர்ப்பரப்பை நோக்கி ஏறும். தன்னினம் நசுங்கிய வாடைக்கும் இப்படித்தான்: பதுங்கும், அல்லது தண்ணீரை விட்டே வெளியே ஏறும். கண்ணாடியில் கண்டதையெல்லாம் விரலால் நசுக்கி மீனுக்குப் போடுவது பலரின் வழக்கம். அதே இரவில் பொறி வைத்தால் பொறி காலியாகத்தான் இருக்கும். நசுக்குவதென்றால் தொட்டிக்கு வெளியே நசுக்குங்கள்.

மருந்து ஏன் வேண்டாம்

கடையில் கிடைக்கும் நத்தைக்கொல்லிகள் பலவற்றில் செம்பு இருக்கும். சிலர் மயில்துத்தத்தையே (செம்பு சல்பேட்) கரைத்து ஊற்றுவார்கள். மூன்று கோளாறு. இறால் வளர்த்தால் நத்தைக்கு முன் இறால் சாகும். ஊற்றிய செம்பு சரளையிலும் கசடிலும் படிந்து நின்று, பின்னால் தண்ணீரின் பி.ஹெச். இறங்கும்போது திரும்பக் கரையும். பிற்பாடு இறால் விடலாம் என்ற எண்ணத்தைக் கைவிட வேண்டியதுதான். மூன்றாவதுதான் பெரிது: மருந்து நன்றாக வேலை செய்தால் நூற்றுக்கணக்கான நத்தை ஒரே நாளில் செத்து, சரளை இடுக்கில் அழுகும். 55 லிட்டர் தண்ணீர் அந்த அம்மோனியாவைத் தாங்காது. காலையில் மிதப்பது நத்தை இல்லை, டெட்ரா. இத்தனைக்கும் பிறகு ஜெல்லிக்குள் இருக்கும் முட்டைகளில் ஒரு பங்கு தப்பித்து, மீனில்லாத தொட்டியில் சாவகாசமாகப் பொரியும்.

யாராவது ஏற்கெனவே ஊற்றிவிட்டார்கள் என்றால்: செத்ததைக் கையால் பொறுக்கி எடுங்கள், அன்றே பாதித் தண்ணீரை மாற்றுங்கள், ஃபில்டரில் கார்பன் பை வையுங்கள், அடுத்த சில நாள் அம்மோனியா டெஸ்ட் கிட்டை வைத்துப் பாருங்கள். 0.5 பி.பி.எம். தொட்டால் மறுபடி பாதி மாற்ற வேண்டும்.

தீனி

நத்தை எத்தனை இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது நாம் போடும் மிச்சத் தீனி. ஃபைசா தின்பது பாசிப் படலம், அழுகிய இலை, மீன் விட்ட உணவு. நல்ல இலையைப் பொதுவாகத் தின்பதில்லை. அனுபியாஸ், வாலிஸ்நேரியா இலையில் குண்டூசி ஓட்டை விழுந்தால் உடனே நத்தையைக் குற்றம் சொல்லாதீர்கள். பழைய இலையில் ஓட்டை விழுந்து, ஓரம் மஞ்சளானால் அது பொட்டாசியக் குறைவு. செத்த ஓரத்தைத் தின்ன நத்தை அப்புறம்தான் வருகிறது.

செய்ய வேண்டியது: நாளுக்கு ஒருமுறை, ஒன்றிரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவு. வாரத்தில் ஒரு நாள் பட்டினி. வளர்ந்த கப்பிக்கு இதனால் ஒன்றும் ஆகாது. மூழ்கும் உருண்டைத் தீனியை நிறுத்திவிடுங்கள். வாரம் இருமுறை சரளையைக் குழாயால் உறிஞ்சி, கால் பங்கு தண்ணீர் மாற்றம். 12 மி.மீ. குழாய் போதும், வெளிமுனையில் பழைய நைலான் துணி கட்டினால் நத்தை துணியில் தங்கும். மஞ்சள் இலைகளை அடியோடு வெட்டி எடுங்கள். இதை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே சில வாரத்தில் புது ஜெல்லி குறைவதைக் காணலாம், பசியோடு இருக்கும் நத்தை குறைவாகவே முட்டையிடும். பொறி இதற்கு அடுத்ததுதான். தீனியைக் குறைக்காமல் பொறி மட்டும் வைப்பவர்கள் வருடக்கணக்கில் பொறி வைத்துக்கொண்டே இருப்பார்கள்.

தண்ணீரைப் பற்றி ஒரு சொல். சென்னை போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் கடினத் தண்ணீர், ஓடு கட்டச் சுண்ணாம்பு தாராளம். ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறினால் ஓடு அரித்து வெளுக்கும், உண்மைதான். ஆனால் அதற்குள் கப்பி வாடிவிடும். கப்பிக்குக் கடினத் தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளும். அந்த வழி வேண்டாம்.

பொறி

அரை லிட்டர் பெட் பாட்டிலின் மேல் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, மூடியைக் கழற்றி, தலைகீழாக உள்ளே செருகுங்கள். விளிம்பில் இரண்டு இடத்தில் நைலான் இழையால் கட்டினால் போதும். உள்ளே இரண்டு கூழாங்கல், இல்லையென்றால் மிதக்கும். சூடான ஊசியால் சுற்றிலும் சிறு துளைகள் போட வேண்டும். துளை இல்லாவிட்டால் இரையின் வாடை வெளியே போகாது. தப்பி உள்ளே நுழைந்த மீனும் மூச்சுமுட்டிச் சாகும். பெரிய கப்பி நுழையாமலிருக்க பாட்டில் வாயில் 8–10 மி.மீ. கண்ணுள்ள பிளாஸ்டிக் வலைத்துண்டைக் கட்டலாம். கப்பிக் குஞ்சும் சிறு மீனும் அதிலும் நுழையும், அதனால் காலையில் எடுக்கத் தாமதிக்கக் கூடாது.

இரை: வெள்ளரிக்காய் வில்லை அல்லது முட்டைக்கோஸ் இலை. கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்தால் மூழ்கும், சீக்கிரம் வாடை விடும். விளக்கை அணைத்த பின் வையுங்கள், மறுநாள் விளக்கு போடும் முன் எடுங்கள். காலை முழுக்க உள்ளேயே விட்டால் மீன் கொத்தும், நத்தை கலையும், வெள்ளரி கரைந்து தண்ணீரைக் கெடுக்கும். நத்தையைப் பிடிக்க வைத்த பொறியே நத்தைக்குத் தீனி போட்டதாக ஆகிவிடும்.

பாட்டில் செய்யப் பொறுமை இல்லையா? சிறு பீங்கான் தட்டில் இலையை வைத்து, மேலே கல்லை வைத்து இறக்குங்கள். காலையில் தட்டோடு தூக்க வேண்டும், மெதுவாக. அதிர்ந்தால் ஃபைசா ஓட்டை அப்படியும் இப்படியும் வேகமாக உதறிப் பிடி விட்டு விழும். அட்டை போன்ற எதிரியிடமிருந்து தப்பிக்க அது வைத்திருக்கும் உத்தி அது. உயிருள்ள ஃபைசாவை லென்ஸில் பார்த்தால் ஓட்டின் விளிம்பைத் தாண்டி விரல் விரலாகத் தோல் நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். அங்கே எதிரி தொட்டதும் இந்த உதறல் தொடங்கும்.

முதல் சில இரவுகளில் பெரியதுதான் அகப்படும். பிறகு எண்ணிக்கை குறைந்து, வருவதெல்லாம் பொடியாக இருக்கும். அது தோல்வி இல்லை. முட்டையிடும் தலைமுறை போய்விட்டது, ஜெல்லியிலிருந்து வந்தது மிச்சம் என்று பொருள். அந்தக் கட்டத்தில் நிறுத்தாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் தொடருங்கள்.

முட்டை

கண்ணாடியில் இருப்பதைப் பழைய ஏ.டி.எம். கார்டால் வழித்து, டிஷ்யூ பேப்பரில் வாங்கிக்கொள்ளுங்கள். வழித்ததைத் தண்ணீரில் விட்டால் அடியில் கிடந்து பொரியும். அக்ரிலிக் தொட்டியில் பிளேடு வேண்டாம். அனுபியாஸ் இலையைத் திருப்பிப் பிடித்து, கட்டைவிரல் நகத்தால் ஜெல்லியின் ஓரத்தைத் தூக்கினால் முழுசாக உரிந்து வரும். வாலிஸ்நேரியாவில் அவ்வளவு பாடுபட வேண்டாம், முட்டையுள்ள இலையையே வெட்டி எறியலாம். ஜாவா பாசிதான் தலைவலி. அதற்குள் ஒன்றும் தெரியாது. பாசிக் கொத்தை எடுத்துவிட்டு சுத்தமான துண்டிலிருந்து மறுபடி வளர்ப்பதே மிச்சம்.

தின்னும் மீன்கள்

கேரள ஆறுகளின் குட்டி பஃபர், கரினோடெட்ராடான் திருவாங்கோரிகஸ், விரல்நுனி அளவே இருந்துகொண்டு நத்தையை ஓட்டிலிருந்து உறிஞ்சி எடுக்கும். ஆனால் கப்பியின் வாலையும் விடாது. காட்டில் பிடித்தே பெரும்பாலும் விற்கிறார்கள், இனமும் அழியும் அபாயப் பட்டியலில் இருக்கிறது. நத்தைக்காக மட்டும் வாங்குவது சரியில்லை. போட்டியா லோச் இரண்டடித் தொட்டிக்கு அடங்காது. தென்கிழக்காசிய அசாசின் நத்தை மெதுவாக, அமைதியாக வேலை செய்யும். அதையும் தொட்டிக்கு வெளியே விடக் கூடாது.

புதுச் செடிக்குக் குளியல்

சென்னையின் கொளத்தூர் மீன் சந்தையோ பக்கத்துக் குளமோ, நத்தை வருவது செடியோடுதான். குளத்துச் செடியைக் கையுறை போட்டுக் கையாளுங்கள். நம் ஊர் ராம்ஸ்ஹார்னான இண்டோபிளானார்பிஸ் எக்சஸ்டஸ் மாடுகளைத் தாக்கும் ரத்தப் புழுக்களைச் சுமக்கும். அதன் லார்வா மனிதத் தோலில் பட்டால் கடுமையாக அரிக்கும்.

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், அமேசான் ஸ்வார்டு போன்ற தடித்த இலைகளுக்கு பிளீச். வாசனை சேர்க்காத, 5 சதவீத சோடியம் ஹைபோகுளோரைட் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் 19 பங்கு. இரண்டு நிமிடம், கடிகாரம் பார்த்து. பிறகு ஓடும் தண்ணீரில் அலசி, 10 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் ஹைப்போ (குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட்) கரைத்த வாளியில் கால் மணி நேரம். குளோரின் நெடி போன பிறகே தொட்டி. பிளீச்சிங் பவுடர் வேண்டாம். பழைய பவுடரின் வீரியம் எவ்வளவு என்று தெரியாது, கட்டி இலையில் ஒட்டினால் அந்த இடம் கருகும்.

வாலிஸ்நேரியா, ஹார்ன்வொர்ட், பாசி வகைகள் பிளீச்சில் கூழாகிவிடும். அவற்றுக்குப் படிகாரம்: 100 கிராமை வெந்நீரில் கரைத்து 10 லிட்டராக்கி, ஒரு நாள் முழுக்க ஊறவைத்து அலசுங்கள். பிளீச் வாளியும் படிகார வாளியும் தனித்தனியாக இருக்க வேண்டும். படிகாரக் கரைசல் அமிலத்தன்மை உள்ளது, பிளீச்சோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டையும் சிலர் சொல்வார்கள். நத்தை சாகலாம், முட்டையை நம்ப முடியாது.

எந்தக் குளியலும் முட்டைக்கு முழு உத்தரவாதம் இல்லை. எனவே அடுத்து மூன்று, நான்கு வாரம் வெள்ளை பிளாஸ்டிக் வாளியில் சரளை இல்லாமல் தனியாக வையுங்கள். இரண்டாவது வாரத்திலிருந்து இரவில் ஒரு வெள்ளரி வில்லை போட்டுப் பாருங்கள். வெள்ளைப் பின்னணியில் மிளகு அளவுக் குஞ்சும் தெரிந்துவிடும். தெரிந்தால் குளியல் மறுபடி.

பிடித்ததை எங்கே போடுவது

கொதிநீர் ஊற்றினால் உடனே முடிந்துவிடும், பிறகு உரக்குழியில் போடலாம். ஃப்ரீசரில் ஓர் இரவு வைத்தாலும் சரி. கழிவுநீரையும் ஃபில்டர் பிழிந்த நீரையும் சாக்கடையிலோ ஏரி, வாய்க்காலிலோ ஊற்றாமல் பூந்தொட்டி மண்ணில் ஊற்றுங்கள். மண்ணுக்கு உரம், முட்டை காய்ந்து சாகும்.

மஞ்சள் மிஸ்டரி நத்தை வைத்திருப்பவர்கள் தொட்டி மூடியின் அடியில் இளஞ்சிவப்பு முட்டைக் கொத்தைப் பார்த்தால் உடனே வழித்து உறைய வைக்க வேண்டும். அதன் நெருங்கிய உறவான பொமேசியா கனாலிகுலேட்டாவைத் தென் அமெரிக்காவிலிருந்து உணவுக்கென்று தைவானுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் கொண்டுவந்தார்கள். 1980-களிலேயே அது வயலுக்குள் புகுந்து இளம் நாற்றை வெட்டத் தொடங்கிவிட்டது. கடையில் இரண்டையும் பிரித்துப் பார்த்து விற்பவர் குறைவு. நம் வயல் நத்தையான பைலாவின் முட்டை வெள்ளை, கரை மண்ணுக்குள் இருக்கும். மூடியும் சுண்ணாம்பு போலக் கெட்டி. பொமேசியாவின் மூடி கொம்பு போல மெல்லியது.

வலை, இடுக்கி, உறிஞ்சு குழாய் எல்லாவற்றையும் வெந்நீரில் அலசி, அடுத்த தொட்டிக்குள் விடும் முன் இரண்டு மூன்று நாள் வெயிலில் காய விடுங்கள். வலையின் தையல் மடிப்பு கடைசியாகத்தான் காயும், முட்டை ஒட்டியிருப்பதும் பெரும்பாலும் அங்கேதான்.